மருதமரத்து ஆணிகள்

“அந்தப் படிவத்திலை மொத்தம் எத்தினை கேள்வி பிள்ளை?” என்று ஜொஹறா கேட்டார்.

“முப்பத்தொண்டு அக்கா.”

“எல்லாம் கேட்டு முடிஞ்சுதோ?”

“ஓம். இண்டையோடை முடிஞ்சுது.”

“தண்ணியைப் பற்றி எத்தினை?”

“மூண்டு. கிணத்திலை எத்தினை அடியிலை தண்ணி, மழைத்தண்ணி எந்தப் பக்கம் வடியுது, கடைசிப் பத்து வருஷத்திலை இந்தக் காணிக்குள்ளை வெள்ளம் நிண்டதோ எண்டு.”

“கடைசிக் கேள்விக்கு என்ன எழுதினனீங்கள்?”

“நிக்கேல்லை எண்டு. கமக்காரர் சங்கத் தலைவர் வீரகத்தி ஐயா சொன்னவர். வேறை ஆறு பேரும் அதைத்தான் சொன்னவை.”

“அவை பொய் சொல்லேல்லை.” ஜொஹறா கூடாரத்து வாசலில் கிடந்த செருப்பைக் காலால் நேராக்கினார். “அந்தப் பத்து வருஷமும் நாங்கள் எங்கை இருந்தனாங்கள்?”

“புத்தளத்திலை.”

“அப்ப அந்தக் கேள்வி எனக்கில்லை.”

“எல்லாருக்கும் பொதுவான கேள்விதான் அக்கா. பத்து வருஷம் விடாமல் இங்கை இருந்த ஆக்களிட்டைத்தான் கேட்க வேணும் எண்டு படிவத்திலை போட்டிருக்கு.”

ஜொஹறா சிரித்தார். “நல்ல சட்டம். போனவைக்கு ஊர் மறந்துபோயிடும் எண்டு நினைச்சிட்டினம்.” பிறகு உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “நாளைக்குக் காலமை ஜீப் வர முதல் நீங்கள் மட்டும் வாங்கோ. அளக்கிற நாடா ஒண்டு கொண்டு வாங்கோ. ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம். என்ர மகளுக்கும்.”

அது இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு ஆவணி மாதம். வவுனியாவுக்கு மேற்கே முதிரையடிக்குளம் வற்றி, நடுவில் ஒரு சேற்றுக்குட்டை மட்டும் கிடந்தது. தொண்ணூறாம் ஆண்டில் ஊரைவிட்டுப் போக நேர்ந்த முஸ்லிம் குடும்பங்களில் முப்பத்தெட்டு, சமாதான காலத்தை நம்பித் திரும்பி வந்து பள்ளிக்கூட வளவில் கூடாரம் அடித்திருந்தன. அவர்களுக்கு வீடு கட்டித்தர ஒரு வெளிநாட்டு நிறுவனம் முன்வந்தது. குளத்தின் வடகரையில் பதினொரு ஏக்கர் அரச காணி. தட்டையான நிலம், பச்சைப் புல், உரிமை கேட்க ஆளில்லை. சிவப்பு மை பூசிய முளைகள் அடித்து, துண்டு குலுக்கி, ஆளுக்கொரு இலக்கமும் கொடுத்தாயிற்று.

மிச்சம் ஒரு கையெழுத்துத்தான். ஈரநிலத்தில் வீடு கட்ட நிறுவனத்தின் பணம் கிடையாது. சுற்றாடல் மதிப்பீடு முடிந்து, ‘இது ஈரநிலம் அல்ல’ என்று கொழும்பிலிருந்து வந்த மதிப்பீட்டாளர் எழுதிக் கொடுத்தால்தான் அத்திவாரம் வெட்டலாம். அவருக்குத் தமிழ் தெரியாது. அதனால் படிவக் கேள்விகளைக் கேட்டு மொழிபெயர்க்கத் தேனுகா கூட வந்தாள். தமிழில் பத்தாம் வகுப்பு வரையும் ஆங்கிலத்தில் அதற்கு மேலும் படித்தவள். இரண்டு மொழியிலும் தேவைக்கு அதிகமாகப் பேசாதவள்.

ஜொஹறாவை முதல் நாளே அவள் கவனித்திருந்தாள். நாற்பத்தாறு வயது. ஊரைவிட்டுப் போன அன்று ஆறு வயது மகள் றிம்ஸியாவையும் ஒரு துணிப்பையையும் கையில் பிடித்துக்கொண்டு நடந்தவர். புத்தளத்தில் வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குப் போனார். உப்பளத்தில் வேலை செய்த கணவர் ஆறாவது வருடம் நெஞ்சுவருத்தத்தில் இறந்தார். நிவாரண வரிசையில் அளவுச்சுண்டால் அரிசியைக் குறைவாக அளந்தவனைப் பார்த்து, “தம்பி, உங்கட சுண்டுக்கு அடியிலை கடதாசி ஒட்டிக் கிடக்கு, எடுத்துப்போட்டு அளவுங்கோ” என்று எல்லோர் முன்னாலும் சொன்ன கதையை முகாமில் இருந்தவர்கள் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். ஊருக்குத் திரும்பலாம் என்றதும் முதல் பெயரைக் கொடுத்தவரும் அவர்தான்.

றிம்ஸியாவுக்கு இப்போது இருபது. கல்யாணம் பேசியாயிற்று. மாப்பிள்ளை நவ்பர், நான்கு கூடாரம் தள்ளி இருந்தவன். அவனுடைய தாய் சீதனம் எதுவும் கேட்கவில்லை. பெண்ணுக்கு வீடு இருக்க வேண்டும், அவ்வளவுதான். அது அவர்களுடைய வழமை. கூரை ஏறிய மாதமே நிக்காஹ் என்று முடிவு. ஜொஹறாவுக்குத் துண்டில் விழுந்தது பதினேழாம் இலக்கம். விழுந்த அன்றே காணியின் மூலையில் ஒரு முருங்கைத் தடியை நட்டு, கூடாரத்திலிருந்து போத்தலில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றி வந்தார். தடி துளிர்விட்டிருந்தது.

மறுநாள் காலை ஆறரைக்குத் தேனுகா சைக்கிளில் வந்து சேர்ந்தபோது ஜொஹறா அந்த முருங்கைக்குப் பக்கத்தில்தான் நின்றார். பதினேழாம் இலக்கத்தின் பின் எல்லையில் ஒரு பழைய மருதமரம். கையிலிருந்த குசினிக் கத்தியால் அதன் பட்டையைச் சுரண்டத் தொடங்கினார்.

“என்ன தேடுறீங்கள் அக்கா?”

“பொறுங்கோ.”

பட்டைக்குள் கத்தி எதிலோ கிறீச்சிட்டது. ஜொஹறா விரலால் துடைத்துக் காட்டினார். ஒரு ஆணியின் தலை. மரம் அதை முக்கால்வாசி விழுங்கியிருந்தது. அதற்கு இரண்டு விரல் கீழே இன்னொன்று. பக்கத்தில் இன்னும் மூன்று.

“எங்கட வாப்பா இந்தக் குளத்திலை வயலுக்குத் தண்ணி விடுற துருசு திறக்கிற வேலை பார்த்தவர். மாரியிலை குளம் நிரம்பி, மிச்சத் தண்ணி வான்கட்டுக்கு மேலாலை வழிஞ்சு பாயும். அந்த வருஷம் தண்ணி எதுவரைக்கும் ஏறிச்சோ, அந்த உயரத்திலை ஒரு ஆணி அடிப்பார். ஆணியைப் பார்த்துத்தான் சிறுபோகத்துக்கு எத்தினை ஏக்கர் விதைக்கிறது எண்டு பேசுவினம். அளவுங்கோ.”

தேனுகா நாடாவை நிலத்தில் வைத்து நிமிர்த்தினாள். ஆக உயரத்தில் இருந்த ஆணி நாலடி மூன்று அங்குலம். அவளுடைய தோளுக்குச் சற்றுக் கீழே. வீட்டுக்கு அத்திவாரம் ஒன்றரை அடி என்று வரைபடத்தில் இருந்தது. மீதியைக் கணக்குப் பார்க்க அவளுக்குப் பேனை தேவைப்படவில்லை.

“அப்ப பத்து வருஷமா ஏன் ஏறேல்லை?”

“வான்கட்டு உடைஞ்சு கிடக்கு, நீங்கள் பாக்கேல்லையோ? நாங்கள் போன பிறகு உடைஞ்சது. வாற தண்ணி எல்லாம் அந்த உடைவாலை ஓடிப்போடும். இது குளத்தின்ர அலைகரை, பிள்ளை, குளம் நிரம்பினா தண்ணி நிக்கிற இடம். தண்ணி வர மறந்ததாலை தரையெண்டு பேர் எடுத்திருக்கு. இனி வராது எண்டு எங்கட ஆக்களும் நம்பிப்போட்டினம்.”

இந்த மாவட்டத்தில் அடுத்த வருடம் திருத்தப்போகும் குளங்களின் பட்டியலை வேறொரு திட்டத்துக்காகத் தேனுகாதான் தட்டச்சு செய்திருந்தாள். ஒன்பதாவது பெயர் முதிரையடிக்குளம். வேலை: உடைந்த வானை மீளக் கட்டுதல். அந்தக் கோப்பும் இந்தக் கோப்பும் ஒரே அலுமாரியில் வேறு வேறு தட்டில் இருந்தன.

“வீரகத்தி ஐயாவுக்கு இந்த ஆணி தெரியாதோ?”

“இதிலை பாதி, அவர் ஆணியைப் பிடிக்க வாப்பா அடிச்சது.”

“பிறகேன் அவர் சொல்லேல்லை?”

“நீங்கள் கேட்ட கேள்விக்கு அவர் மறுமொழி சொன்னவர். கேட்காததைச் சொல்லப்போனா என்ன நடக்கும்? பதின்மூண்டு வருஷத்துக்குப் பிறகு வந்த சோனகரைக் குந்தவிடாமல் கலைக்கப் பாக்கிறார் எண்டு எங்கட ஆக்களே சொல்லுவினம். நான் அவராய் இருந்தாலும் வாயைப் பொத்திக்கொண்டுதான் இருந்திருப்பன்.”

“அடுத்த வருஷம் வானைத் திருத்தப் போகினம் அக்கா. கட்டாமல் விட்டால்…”

“குளத்துக்குக் கீழை நூற்றிருபது ஏக்கர் வயல் கிடக்கு. வாப்பான்ர நாலு ஏக்கரும் அதுக்குள்ளைதான். வீட்டைக் கட்டிப்போட்டு வயலைக் காயவிடச் சொல்லுறீங்களோ?” அவர் கத்தியைச் சேலைத்தலைப்பில் துடைத்தார். “உங்கட ஆளுக்குச் சொல்லுங்கோ. ஆனா என்ர பேர் வேண்டாம். அன்ஸார் நானாவும் தண்ணி இனி வராது எண்டு நம்பித்தான் இந்த நிலத்துக்காக ஒரு வருஷம் கந்தோர் கந்தோரா ஏறி இறங்கினவர். என்ர கூடப்பிறந்த நானா. நான்தான் குழப்பினனான் எண்டு தெரிஞ்சா, வீடு போறது பெரிசில்லை, அந்தக் கூடாரத்திலையும் இருக்கேலாது.”

தேனுகா சொன்னாள். மதிப்பீட்டாளர் ஆணிகளைத் தொட்டுப் பார்த்தார். மட்டம் பார்க்கும் கருவியை வரவழைத்து இரண்டு நாள் வெயிலில் நின்றார். உடைந்த வானின் பழைய மேல்மட்டமும் ஆணிகளும் மூன்று விரல் வித்தியாசத்துக்குள் ஒத்துப்போயின. யார் காட்டியது என்று கேட்டார். பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் என்றாள். அவர் அப்படியே எழுதிக்கொண்டார். முப்பத்தெட்டு வீடுகளுக்கும் அனுமதி மறுக்கப்பட்டது. மேட்டுப்பக்கமாக வேறு காணி தேடும்படி ஒரு வரி.

அந்த வரி சரியா பிழையா என்று தண்ணீர் சொல்வதற்கு இன்னும் பதினாறு மாதம் இருந்தது. அதற்கிடையில் அந்த மார்கழியில் சுனாமியாய்க் கடல் வந்தது. நிறுவனத்தின் லொறிகள் எல்லாம் கரையோரத்துக்குப் போய்விட்டன. கிறவல் மண் மேட்டில் புதிய காணிக்கு அனுமதி கிடைத்து அத்திவாரம் வெட்டவே ஒரு வருடம் போயிற்று. அடுத்த மார்கழியில், வான் கட்டி முடிந்த முதல் மாரியில், தண்ணீர் மருதமரத்தைச் சுற்றி ஏறி நடு ஆணியைத் தொட்டு நின்றது.

ஆனால் இதெல்லாம் பிறகு. அந்த ஆவணியில் தண்ணீர் இல்லை. முளைகளைப் பிடுங்கிச் சாக்கில் போட்டுக்கொண்டு போன இரண்டு கூலிக்காரர்களும், அதைப் பார்த்துக்கொண்டு நின்ற முப்பத்தெட்டுக் குடும்பங்களும்தான் இருந்தார்கள். அறிக்கையில் இருந்த, பெயர் சொல்ல விரும்பாத அந்த ஒருவர் யார் என்று எவரும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? குளத்தைப் பற்றிப் பேசக்கூடியவர், குளத்து நீரில் வயல் செய்யும் கமக்காரர் சங்கத்தின் தலைவர் வீரகத்தி. அவருக்கு இவர்கள் வந்தது பிடிக்கவில்லை. கதை ஒரே பகலில் கூடாரம் கூடாரமாகப் போய்விட்டது.

வீரகத்தி ஆறுதல் சொல்லச் சைக்கிளில் வந்தார். வளவுக்கு வெளியிலேயே நவ்பர் மறித்தான்.

“திரும்பிப் போங்கோ ஐயா. குளமும் உங்களுக்கு, கரையும் உங்களுக்கு. நாங்கள் ஆகாயத்திலை கட்டுறம்.”

“தம்பி, நான் ஒண்டும்…”

“நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை. பேர் சொல்ல விரும்பாத ஆள்தானே சொன்னது.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வீரகத்தி சைக்கிளைத் திருப்பினார். கூடாரத்துக்குள்ளிருந்து ஜொஹறா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் வீரகத்தியின் வேலி வெட்டப்பட்டு, மிளகாய்த் தோட்டத்துக்குள் மாடுகள் நின்றன. அதற்கடுத்த நாள் வயற்கிணற்றில் தண்ணீர் அள்ளப்போன கூடாரத்துப் பெண்களை, கமக்காரர் பக்கத்து இளைஞர்கள் வெறும் குடத்தோடு அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் எல்லோருமாக வீரகத்தி வீட்டுக்குப் போவதென்று பேசியிருக்கிறார்கள், அன்ஸாராலும் பிடித்துவைக்க முடியவில்லை என்று ஜீப் ஓட்டும் ராசு கந்தோரில் வந்து சொன்னான். “கையிலை என்ன கொண்டு போவினம் எண்டு எனக்குத் தெரியாது தங்கச்சி. வெறுங்கையோடை போகமாட்டினம்.”

வியாழக்கிழமை பகல் பதினொரு மணிக்கு ஜொஹறா வவுனியாக் கந்தோருக்கு வந்தார். பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில் இருந்தது. தேனுகா கதிரையை இழுத்துப் போட்டாள். அவர் இருக்கவில்லை.

“கேள்விப்பட்டனீங்கள்தானே?”

“ஓம் அக்கா.”

“நேற்று நவ்பருக்குச் சொல்ல வாய் எடுத்தனான். வீரகத்தி அண்ணையாய் இருக்காது தம்பி எண்டு. அவன் என்ன சொன்னவன் தெரியுமோ? ‘மாமி, உங்களுக்கு மனம் இளகினது’ எண்டு.” முக்காட்டைச் சரிசெய்தார். “நான்தான் எண்டு சொன்னாலும் இப்ப ஒருத்தரும் நம்பமாட்டினம். சண்டையை நிப்பாட்டக் கதை கட்டுறா எண்டுவினம். பேப்பரிலை இருந்தாத்தான் நம்புவினம்.”

தேனுகாவுக்கு அவர் எங்கே வருகிறார் என்று விளங்கியது. “றிம்ஸியாவின்ர கல்யாணம் அக்கா…”

ஜொஹறா மேசையில் கிடந்த கோப்பின் நாடாவை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். “இண்டைக்குக் காலமை அவளுக்குச் சொல்லிப்போட்டன்.”

“என்ன சொன்னவா?”

“தேத்தண்ணி ஊத்தித் தந்தவள். பிறகு முருங்கைக்குத் தண்ணி விடப் போத்தலை எடுத்துக்கொண்டு போனவள். முளை பிடுங்கின காணிக்கு.”

வெளியே ராசு ஜீப்பைக் கழுவும் சத்தம் கேட்டது.

“பேரைப் போடுறதெண்டா மதிப்பீட்டாளரைக் கேட்க வேணும் அக்கா.”

“கேளுங்கோ. இங்கிலிசிலை வடிவாய்க் கேளுங்கோ. முதல் வேண்டாம் எண்டவ, இப்ப வேணும் எண்டு சொல்லுறா எண்டு கேளுங்கோ.” அவர் தேனுகாவின் கையைப் பிடித்தார். வெங்காயம் பிடுங்கிக் காய்த்துப்போன விரல்கள் இறுக்கமாக இருந்தன. “நாளைக்கு ஜும்மா முடியப் பள்ளியடிக்கு வாங்கோ பிள்ளை. அந்தப் பேப்பரைத் தமிழிலை முழுக்க வாசியுங்கோ, ஒரு வரி விடவேண்டாம். ஆணி வாற இடத்திலை, முகம்மது தம்பியின்ர மகள் ஜொஹறா காட்டினவ எண்டு வாசியுங்கோ. வாசிக்கேக்கை மட்டும் என்னைப் பார்க்காதையுங்கோ. தாளைப் பார்த்து வாசியுங்கோ.”