ஆளில்லாத மிஷினுக்கு வைத்த பூ

எங்கள் சித்தியைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நாங்கள் குடியிருந்த பொம்மனஹள்ளி முழுக்கத் தேடினாலும் பார்த்திருக்க முடியாது. சுவரில் பல்லியைக் கண்டால் அந்தப் பக்கமே போக மாட்டாள். நிறுத்தத்தில் நிற்காமல் பஸ் போய்விட்டால் கண்டக்டரிடம் ஒரு குரல் கொடுக்க மாட்டாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, ஒன்றும் நடக்காதது போல நடந்து வருவாள். தண்ணீர் லாரிக்காரனையே சட்டையைப் பிடித்து உலுக்கும் என் அம்மாவுக்கு இவள் கூடப்பிறந்தவள் என்றால் தெருவில் யாரும் நம்பியதில்லை.

சித்தி கார்மென்ட்ஸில் தையல் மிஷின் ஓட்டினாள். கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து எங்களோடு தங்க வந்தபோது, அங்கே சூப்பர்வைசராக இருந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர்தான் அவளைச் சேர்த்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எங்கள் வீட்டுக்குக் காபி குடிக்க வருவார். எனக்குச் சாக்லேட் கொண்டுவருவதால் அவர்மேல் எனக்குக் கொள்ளைப் பிரியம். மாமா, மாமா என்று காலைச் சுற்றுவேன். அவர் வந்தால் சித்தி மட்டும் சமையல் தடுப்புக்குப் பின்னாலேயே நிற்பாள். கூச்சம் என்று வீட்டில் சொல்லிக்கொண்டோம்.

நான் இரண்டாம் வகுப்பு படித்த வருடம் ஆயுத பூசைக்குச் சித்தி என்னைக் கம்பெனிக்குக் கூட்டிப்போனாள். அன்று ஒருநாள் மட்டும் வீட்டுப் பிள்ளைகளை உள்ளே விடுவார்கள். அவரவர் மிஷினை அவரவரே துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த பூவைச் சுற்ற வேண்டும். பிறகு மேனேஜரும் ஐயரும் ஆரத்தித் தட்டோடு வரிசை வரிசையாக வருவார்கள். கடைசியில் பொரியும் ஸ்வீட்டும் கிடைக்கும். நான் போனது கடைசியில் கிடைப்பதற்காகத்தான்.

சித்தியின் மிஷின் புதுப்பெண்ணைப் போல ஜோராக இருந்தது. அதற்கு அடுத்த மிஷினில் ஒரு பொட்டுகூட இல்லை. அது கௌரம்மா அக்காவுடையது. கனகபுரா பக்கத்துக்காரி. சித்தியோடு ஒரே டப்பாவில் சாப்பிடுகிறவள். துணி திருடினாள் என்று சொல்லி அவளை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்களாம். அந்த மிஷினைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. மிச்சமிருந்த சாமந்திச் சரத்தை எடுத்து அதன் கழுத்தில் சுற்றிவிட்டேன். சித்தி பார்த்தாள், தடுக்கவில்லை.

ஆரத்தி வருமுன் வரிசையைச் சரிபார்க்க மாமா வந்தார். சாக்லேட் கொடுக்கும் முகமாக அது இல்லை.

"யாரு இதுக்குப் பூ வெச்சது? ஆளில்லாத மிஷினுக்கு எதுக்குப் பூ?" என்று கேட்டு, சரத்தைப் பிய்த்துத் தரையில் போட்டார். நான் அழ ஆரம்பித்தேன்.

சித்தி குனிந்தாள். பூவைப் பொறுக்கி, திரும்பவும் அதே இடத்தில் சுற்றினாள்.

"ஏம்மா, எடுன்னா எடுக்கணும். இந்த வேலை யாரு வாங்கிக் குடுத்ததுன்னு மறந்துபோச்சா?"

"மறக்கல சார். ஆனா பூவை எடுக்க மாட்டேன். இது கௌரம்மா மிஷினு."

அதற்குள் மேனேஜர் தட்டோடு எங்கள் வரிசைக்கு வந்துவிட்டார். என்ன கலாட்டா என்று கன்னடத்தில் கேட்டார். பஸ்ஸில் குரல் எழும்பாத என் சித்தி, அந்த ஹால் முழுக்கக் கேட்கும்படி கன்னடத்தில் பதில் சொன்னாள். கௌரம்மா எதையும் திருடவில்லை, ஸ்டோர் ரூமில் இவர் அவளைத் தொட்டார், அவள் புகார் சொல்லப் போனதால்தான் திருடி என்று பட்டம் கட்டினார், நான் வாசலில் நின்று பார்த்தேன், பயந்துகொண்டு இத்தனை நாள் வாயை மூடியிருந்தேன் என்றாள்.

ஐயர் கையில் கற்பூரம் எரிந்துகொண்டே இருந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்துவந்து, தன் மிஷினிலிருந்து ஒரு பூவைக் கிள்ளி கௌரம்மா மிஷின்மேல் வைத்தாள். அப்புறம் இன்னொருத்தி வந்தாள். பிறகு அந்த லைனே எழுந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "அவர் வாங்கிக் குடுத்த வேலைடி, நாளைக்கு ஊர்ல எந்த மொகத்தோட போய் நிப்போம்?" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். சித்தி அழுதுகொண்டே எனக்குச் சோறு ஊட்டினாள். லீவு முடிந்து போன அன்று அந்த லைனில் ஒரு மிஷினும் ஓடவில்லையாம். அந்த வாரத்திலேயே மாமாவை அனுப்பிவிட்டார்கள், கௌரம்மாவைத் திரும்பக் கூப்பிட்டார்கள். தீபாவளி கழிந்ததும், ஆர்டர் குறைந்துவிட்டது என்று சொல்லி ஒருத்தியை மட்டும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

எனக்கோ ஏகப்பட்ட குஷி. தினமும் இரட்டைப் பின்னல் போட்டுவிட, பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்க, சித்தி வீட்டிலேயே இருந்தாள். நான் வைத்த பூவைப் பிய்த்ததற்காக என் சித்தி ஒரு பெரிய மனிதரோடு சண்டை போட்டாள் என்று வகுப்பு முழுக்கப் பீற்றிக்கொண்டேன். சித்திக்கு அதன்பின் வேறு கார்மென்ட்ஸ் எதிலும் இடம் கிடைக்கவில்லை என்பதும், அவளுக்குப் பேசிவைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் மாமாவின் சொந்தக்காரர்கள் என்பதும் நான் வளர்ந்தபிறகு அம்மா சொல்லித்தான் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வழக்கமாக உட்காரும் நாற்காலியில் கௌரம்மா அக்கா வந்து உட்கார்ந்தாள். சாக்லேட் கொண்டுவரவில்லை. சாமந்திச் சரம் ஒன்றைச் சித்தியின் தலையில் வைத்துவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். நான் அருகிலேயே நின்றுகொண்டிருந்தேன். அந்த மிஷினுக்கு முதலில் பூ வைத்தது நான்தானே, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று எனக்கு அவள்மேல் கோபமாக இருந்தது.