பேரலுக்குள் பாடிய ஒப்பாரி

ஆவடி குவார்ட்டர்ஸில் நான் இருந்த காலத்தில் மரச் சட்டத்தில் நரம்புகள் இழுத்துக் கட்டிய என் ஹார்ப்பை யாரும் ஹார்ப் என்று சொன்னதே இல்லை. எதிர்வீட்டு அக்கா மதுரைப் பக்கம். அவருக்கு அது "கயித்துக் கட்டில்". "என்னம்மா, இன்னைக்குக் கட்டிலைத் தட்டலையா?" என்று கரண்டியும் கையுமாக வந்து நிற்பார். கோவில்பதாகையிலிருந்து பால் கொண்டுவரும் அம்மா அதற்கும் ஒருபடி மேலே. "துணி காயப் போட நல்லாக்கீது கண்ணு" என்று ஒருநாள் சொல்லியே விட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பதிலுக்கு ஏதாவது சொல்லிவைத்தால் மறுநாள் பால் தண்ணீராகிவிடுமே என்று வாயை மூடிக்கொண்டேன்.

அதைச் செய்தது நானும் என் வீட்டுக்காரரும். அவருக்கு ஃபேக்டரியில் வெல்டிங் வேலை. இரும்பு என்றால் உயிர், மரம் என்றால் இளக்காரம். பத்திரிகையில் வந்த ஒரு படத்தை வைத்துக்கொண்டு, பூந்தமல்லி மரக்கடையில் துண்டு துண்டாகத் தேக்கு வாங்கி, இழைத்து, ஒட்டி நிமிர்த்தினோம். மேல் நரம்புகளுக்குத் தூண்டில் நைலான், கீழே வீணைக் கம்பி, முறுக்காணிகள் உடைந்த கிதார்களிலிருந்து கழற்றியவை. முதல் தடவை எல்லா நரம்பையும் இழுத்துக் கட்டியதும் சட்டம் 'சடக்'கென்று பிளந்தது. "நான் அப்பவே சொன்னேன், இரும்புல அடிச்சிருக்கலாம்னு" என்றார் அவர். தாலி கட்டியவர் என்பதால் தப்பித்தார். இரண்டாவது சட்டம் நின்றது.

நான் பாடியதெல்லாம் எங்கள் புதுக்கோட்டைப் பக்கத்துத் தாலாட்டும் நடவுப் பாட்டும்தான். ஆனால் ஒரு வரி பாடிவிட்டு, நரம்பை ஒருமுறை வருடி, அந்தச் சத்தம் தேய்ந்து அடங்கும்வரை சும்மா இருப்பேன். அதற்கிடையில் ரயில் போனால் போகட்டும், காக்கை கத்தினால் கத்தட்டும், அதுவும் பாட்டில் சேர்த்திதான். "இன்னா கண்ணு, பாட்டு மறந்து பூட்ச்சா?" என்று ஜன்னல் வழியே பால்காரம்மா குரல் கொடுப்பார். அதுகூட ஒரு பாட்டில் அப்படியே இருக்கிறது.

ஸ்டுடியோவுக்கெல்லாம் போக வக்கில்லை. இரண்டு டேப் ரெக்கார்டர்கள்தான் என் ஸ்டுடியோ. ஒன்றில் ஹார்ப்பைப் பதிந்து, அதை ஓடவிட்டுக்கொண்டே பாடி, இரண்டையும் மற்றொன்றில் பிடிப்பேன். குரல் கோயில் மண்டபத்தில் பாடுவதுபோல் கேட்க வேண்டுமே? அதற்கும் வழி இருந்தது. அந்த நாளில் எங்கள் பக்கம் தண்ணீருக்குப் பஞ்சமே தவிர, தண்ணீர் பேரலுக்குப் பஞ்சமில்லை. காலிப் பேரலுக்குள் தலையை விட்டுப் பாடினால், அடடா, என்ன ஒரு கார்வை! மைக்கைப் பேரல் விளிம்பில் கட்டித் தொங்கவிட்டுவிடுவேன். முதல் கேசட்டை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கத்துக் கடைக்குப் போனேன். "பக்திப் பாட்டா, சினிமாப் பாட்டா?" என்றார் கடைக்காரர். இரண்டும் இல்லை என்றேன். "அப்போ எந்தத் தட்டுலம்மா வெக்கிறது?" என்று திருப்பிக் கொடுத்தார். போடா சரிதான் என்று கைப்பையில் போட்டுக்கொண்டு, வேப்பம்பட்டு வரைக்கும் ரயிலில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் நானே விற்றேன்.

இரண்டாவது கேசட்டில் ஒரே ஒரு பாட்டுதான் பாக்கி. அது ஒப்பாரி. என் ஆத்தாவுக்காக நானே கட்டியது.

ஆத்தா இறந்தபோது நான் ஏழு மாதம். வயிற்றுப் பிள்ளைக்காரி சாவு வீட்டுக்குள் வரக்கூடாது என்று என்னை அடுத்த தெருவிலேயே, சித்தப்பா வீட்டில் நிறுத்திவிட்டார்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி தோளை ஒருத்தி கட்டிக்கொண்டு வைத்த ஒப்பாரி அங்கே காதில் விழுந்துகொண்டே இருந்தது. எனக்குக் கட்டிக்கொள்ள ஆளில்லை. "நீ அழாதே, பிள்ளைக்கு ஆகாது" என்று சூடாகப் பால் வேறு கொடுத்தார்கள். அன்று நின்ற அழுகை நின்றதுதான். பையன் பிறந்து, வளர்ந்து, பள்ளிக்கூடமும் போக ஆரம்பித்துவிட்டான். ஒருநாள்கூட நான் ஆத்தாவுக்காக அழுததில்லை. இந்தப் பாட்டைப் பாடினாலாவது வரும் என்று பார்த்தேன். எத்தனையோ தடவை பதிந்தேன். சுருதி சுத்தம், தாளம் சுத்தம், பாட்டு மட்டும் வறட்டு வறட்டென்று இருந்தது. எனக்கே என்மேல் எரிச்சலாக வந்தது.

அதனால் ஒருநாள் முழுசாக அதற்கென்றே ஒதுக்கினேன். வீட்டுக்காரருக்கு நைட் ஷிஃப்ட் வாரம். பகலில் வீட்டில் இருப்பார். ஹாலில் இடம் வேண்டுமென்று கட்டிலையும் பெஞ்சையும் வாசலில் போடச் சொன்னேன். ஜன்னல்களில் போர்வைகளைத் தொங்கவிட்டேன். குக்கர் விசில் அடிக்குமே என்று அடுப்பே பற்றவைக்கவில்லை. அவரை வாசல் பெஞ்சில் உட்காரவைத்து, "யார் வந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. கையைக் காட்டி அனுப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினேன்.

இப்போது வாசலில் இருந்து பாருங்கள். வீட்டுச் சாமான் வெளியே கிடக்கிறது. ஜன்னல் மூடியிருக்கிறது. அடுப்புப் புகை இல்லை. இரவெல்லாம் தூங்காமல் கண் சிவந்து, சவரம் செய்யாத ஓர் ஆள், வெயிலுக்கு ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். இன்னா ஆச்சு நைனா என்று கேட்டால் துண்டு முனையால் வாயைப் பொத்திக்கொண்டு, கையை விரித்து ஆட்டுகிறார். உள்ளேயிருந்து, பாதாளத்திலிருந்து வருவதுபோல் ஒரு குரல்:

"அடுத்த தெரு வரைக்கும் வந்து அழுகச் சத்தம் கேட்டேனே,
பெத்தவளே உன் முகத்தைப் பேருக்கும் பாக்கலையே..."

பேரலுக்குள் இருந்த எனக்கு இது ஒன்றும் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தேன். வழக்கம்போல் வறட்டு வறட்டென்றுதான் வந்தது. திடீரென்று ஒரு கை என் கழுத்தைச் சுற்றியது. "அய்யோ என் கண்ணு! யாரு பூட்டாங்க?" என்று ஓர் அலறல். பதறி நிமிர்ந்தேன். பேரல் விளிம்பில் 'டங்'கென்று மண்டை இடித்தது.

பால்காரம்மா. அவருக்குப் பின்னால் மாலையோடு எதிர்வீட்டு அக்கா. அவர் பின்னால் எங்கள் வரிசை வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும். வாசலில் என் வீட்டுக்காரர், அப்போதும் வாயைத் திறக்காமல், பரிதாபமாகக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். மனிதருக்கு அப்படி ஒரு கீழ்ப்படிதல்!

"யாரும் சாகலைங்க. பாட்டு... ரெக்கார்டிங்..." என்று தலையைத் தடவிக்கொண்டே சொன்னேன்.

"இன்னாது, ரெக்கார்டிங்கா?" பால்காரம்மாவுக்கு ஆத்திரமான ஆத்திரம். "கறவைய அப்டியே உட்டுட்டு ஓடியாந்துகீறேன்! சாவாதவங்களுக்கா ஒப்பாரி வெக்கிற? அடச்சீ!"

"வாங்குன மாலையை என்னம்மா பண்றது? இதைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாதே" என்று எதிர்வீட்டு அக்கா கையைப் பிசைந்தார்.

"ஆத்தாவுக்குத்தான் பாடினேன்" என்றேன்.

"எப்ப பூட்டாங்க?"

"பையன் வயித்துல இருந்தப்போ. என்னை உள்ளே விடலை."

பால்காரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோபம் அடங்கினாற்போல் தெரியவில்லை. "அதான் சரியா வர்ல. ஒண்டியா பேரலைக் கட்டிக்கினு அழுதா எப்டி வரும்? இப்டி வா" என்று என்னை இழுத்துத் தரையில் உட்காரவைத்தார். தோளில் கையைப் போட்டார். எதிர்வீட்டு அக்கா, மாட்டுவதற்கு ஆத்தா படம் கேட்டார். ஆத்தா ஆயுசில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டவள் இல்லை. மாலையை ஹார்ப்பின் தலையில் மாட்டிவிட்டு அவரும் வந்து உட்கார்ந்தார். வட்டம் கூடியது.

பால்காரம்மாதான் எடுத்தார். என் பாட்டு இல்லை, அவருடையது. "பால் கறந்த கையாலே பால் ஊத்த வெச்சியேடா, என் ராசா..." அவருக்கு ஒரு மகன் இருந்ததே எனக்கு அதுவரை தெரியாது. தினமும் வாசலில் நின்று என் ஹார்ப்பைக் கிண்டல் செய்த அதே வாய். அடுத்த வரிக்கு எதிர்வீட்டு அக்கா சேர்ந்துகொண்டார். என் முறை வந்தது. "பெத்தவளே" என்றேன். அழுகை வந்தது. மூக்கு ஒழுக, அசிங்கமாக, சுருதியாவது தாளமாவது, அப்படி ஓர் அழுகை. பக்கத்திலிருந்த தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். சாணமும் பாலும் கலந்த அந்த வாசனை இன்னும் மறக்கவில்லை.

ஓய்ந்தபோது, அடுப்புப் பற்றவைக்காத வீடாயிற்றே என்று அவர்கள் கொண்டுவந்திருந்த சாம்பார் சாதத்தை என் முன்னால் வைத்தார்கள். நல்ல பசி. நன்றாகச் சாப்பிட்டேன். டேப் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் அந்தக் கேசட்டில் கடைசிப் பாட்டாக அதையேதான் போட்டேன், பேரல் 'டங்' உட்பட.

நான் சாப்பிட்டு முடித்ததும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். பால்காரம்மா சாதாரணமாக எங்கள் வாசலை விட்டுப் போவதே ஒரு திருவிழா. "வர்ட்டா கண்ணு" என்று சொல்லிவிட்டுக் கால்மணி நேரம் நின்று பேசுவார், மறுபடி "வர்ட்டா" என்பார். அன்று முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தார், என் முகத்தைக்கூடப் பார்க்காமல் விறுவிறுவென்று நடந்தார். மற்றவர்களும் அப்படியே. டேப் 'டக்'கென்று நின்றது.

என் வீட்டுக்காரர் துண்டை விலக்கித் தலையை நீட்டினார். "இப்பவாச்சும் பேசலாமா?" என்றார். பேசுங்கள் என்றேன்.

"என்ன, எல்லாரும் ஒரு வார்த்தை சொல்லிக்காமப் போறாங்க? நம்ம மேல கோவமா?"

"சாவு வீட்டுல யாருங்க சொல்லிக்கிட்டுப் போவாங்க?" என்றேன்.