சாப்பிட்டாச்சு என்று சொல்லும் மனிதர்

என் கணவருக்கு ஒரு வியாதி உண்டு. யார் வீட்டு வாசலில் வைத்து "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டாலும், வயிறு காய்ந்து கிடந்தாலும், "ஆச்சு, ஆச்சு" என்று சொல்லிவிடுவார். தலை தீபாவளிக்கு வந்தபோது என் அம்மாவிடமும் அப்படித்தான் சொன்னார். அம்மா வெள்ளந்தி, நம்பிவிட்டாள். புது மாப்பிள்ளை மத்தியானம் முழுவதும் முறுக்கைக் கடித்தே பசியை அடக்கினார். கேட்டால், போன இடத்தில் பசிக்கிறது என்று சொல்வது மரியாதை இல்லையாம். முப்பது வருடமாக இந்த மரியாதையோடு மாரடிக்கிறேன்.

இந்த வருடம் அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். கோடை தொடங்கியதும், "நம்ம ரெண்டு பேரும் கார்லயே ஊர்ப் பக்கம் ஒரு சுத்து சுத்திட்டு வருவோமா?" என்றார். கோயம்புத்தூரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு பட்டியலும் போட்டார். திசையன்விளையில் என் தம்பி வீடு. விக்கிரமசிங்கபுரத்தில் அவருடைய பள்ளிக்கூடத்துச் சிநேகிதர் வீடு. பாபநாசத்தில் குளியல். திருநெல்வேலியில் ஒரு நாள். எல்லாவற்றுக்கும் கீழே, சின்ன எழுத்தில், "சேரன்மகாதேவி, நேரம் இருந்தால்" என்று எழுதியிருந்தார். பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. இந்தச் சுற்று முழுவதும் அந்தக் கடைசி வரிக்காகத்தான். சேரன்மகாதேவியில் இருப்பவர் அவருடைய அக்கா. அவருக்கு உடன்பிறந்தவர் அந்த ஒருவர்தான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் எங்கள் மகளுக்குக் கல்யாணம் வைத்தோம். எங்கள் பக்கத்தில் கல்யாணப் பெண்ணின் அத்தைக்குப் பத்திரிகை வைப்பது சும்மா காகிதம் கொடுக்கிற வேலை இல்லை. புருஷனும் பெண்டாட்டியுமாக அவர் வீட்டுக்கே போய், தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், பழம் எல்லாம் வைத்து, விழுந்து கும்பிட்டுக் கொடுக்க வேண்டும். நாங்கள் பத்திரிகை வைக்க வந்த அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. திருநெல்வேலியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் அங்கே நான் மைனி என்று கூப்பிடும் என் நாத்தனாரும் ஏதோ காரியமாக வந்திருந்தார். "மைனிதான் இங்கயே இருக்காகளே, இங்கயே வச்சுக் குடுத்துருவோம். சேரன்மகாதேவி வரைக்கும் அலைய வேண்டாம்" என்று சொன்னது நான். "அக்கா வீட்டுக்கே போயிருவோமே" என்று இவர் தயங்கினார். நான் முறைத்தேன். கொடுத்துவிட்டார். அடுத்தவர் வீட்டுக் கூடத்தில், அடுத்தவர் வீட்டுத் தட்டை இரவல் வாங்கி, சொந்த அத்தைக்குப் பத்திரிகை வைத்தோம்.

மைனி கல்யாணத்துக்கு வந்தார். அத்தை செய்ய வேண்டிய சடங்கு ஒன்றைக்கூட விடாமல் செய்தார். பந்திக்குக் கூப்பிட்டபோது மட்டும், "வயிறு சரியில்ல" என்று சொல்லிவிட்டுக் கை நனைக்காமல் பஸ் ஏறிப் போய்விட்டார். அதற்கப்புறம் போன் செய்தால் "ம்" என்பார், "சரி" என்பார். அந்த இரவல் தட்டுதான் காரணம் என்று எனக்கு உறைக்கவே ஒரு வருடம் ஆனது. இவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சண்டை போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேன்.

ஆக, புறப்பட்டோம். இவர் கார் ஓட்டுவது ஒரு தனி வைபவம். ஹாரன் அடித்தால் முன்னால் போகிறவர் மனசு புண்படும் என்று பின்னாலேயே போவார். போனில் வழி சொல்லும் பெண் "இடதுபுறம் திரும்பவும்" என்றால், "சரிம்மா" என்று பதில் சொல்வார். சொல்லிவிட்டு, டீக்கடையில் நிறுத்தி அதே வழியை இன்னொரு தடவை விசாரிப்பார். திசையன்விளைக்குப் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். என் தம்பி பெண்டாட்டி வாசலிலேயே, "அண்ணன் சாப்பிட்டியளா?" என்று கேட்டாள். காலையில் தின்ற ரெண்டு இட்லியோடு வந்தவர், "ஆச்சும்மா" என்றார். அவள் அதைக் காதிலேயே வாங்கவில்லை. "சாப்பிட்டா என்ன, இன்னொரு வாட்டி சாப்பிடுங்க" என்று இலையைப் போட்டுவிட்டாள். மனத்தாங்கல் இல்லாத வீட்டில் இவருடைய "ஆச்சு"க்கு மதிப்பு அவ்வளவுதான்.

மறுநாள் நுங்கும் கருப்பட்டியும் பின் இருக்கையில் ஏற, நாங்குநேரி, களக்காடு வழியாக விக்கிரமசிங்கபுரத்துக்குக் கிளம்பினோம். அந்த வழி சேரன்மகாதேவிக்குள் நுழைந்துதான் போகிறது. மைனி வீட்டுத் தெரு திரும்பும் இடம் வந்தது. நான் அவரைப் பார்த்தேன். அவர் ரோட்டைப் பார்த்தார். "திரும்பி வாறப்பம் பாப்போம்" என்றார். அந்தப் பயணத்திலேயே கார் வேகமாகப் போனது அந்த ஒரு இடத்தில்தான்.

விக்கிரமசிங்கபுரத்துச் சிநேகிதர் நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "ஏலே, கோயம்புத்தூர்ல இருந்து கார உருட்டிக்கிட்டா வந்த?" என்று கேட்டுக்கொண்டே கட்டிப்பிடித்தார். ரெண்டு பேரும் பள்ளிக்கூடத்துப் பையன்களாகி, விடியற்காலையில் பாபநாசத்துக்குக் குளிக்கப் போனார்கள். நானும் சிநேகிதரின் மனைவியும் படித்துறையில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டிருந்தோம். கோடையிலும் அந்தத் தண்ணீருக்கு என்ன குளிர்ச்சி! என் கையிலிருந்த வாழைப்பழத்தை ஒரு குரங்கு உரிமையோடு வாங்கிக்கொண்டு போனது. படியில் உட்கார்ந்தபடியே இவர் ஈரக் கையோடு அக்காவுக்குப் போன் போட்டார்.

"அக்கா, இன்னைக்கு மத்தியானம் அங்கன வாறோம்."

"வா."

அவ்வளவுதான். மைனி போனை வைத்துவிட்டார். சாப்பிட வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

புறப்படும்போது சிநேகிதரின் மனைவி, "ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க, மணி பதினொண்ணரை ஆச்சே" என்றார். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இவர் கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்துவிட்டார். சாம்பார், ரசம், மோர் என்று மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நானும் பேருக்குக் கொஞ்சம் கொறித்தேன். காரில் ஏறியதும், "மைனி வீட்டுக்குப் போறப்ப இப்படியா வயிறு முட்டத் திங்கிறது?" என்று சத்தம் போட்டேன்.

அம்பாசமுத்திரம் பாலத்தைத் தாண்டினார். அப்புறம் சொன்னார்: "அங்க போயி, அக்கா சாப்பிடச் சொல்லலைன்னா? பசியோட அந்த வீட்ல உக்காந்துட்டுத் திரும்பி வர என்னால முடியாது."

கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர் எல்லாம் ஜன்னலுக்கு வெளியே போயின. அறுப்பு முடிந்த வயல்களில் ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள். எல்லாவற்றையும் பார்த்தேன், ஒன்றும் மனதில் பதியவில்லை. இவ்வளவுக்கும் காரணம் ஒரு வெயிலும் என் அவசரமும் என்பது மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது.

கார் நின்ற சத்தம் கேட்டு மைனியே வாசலுக்கு வந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. நல்ல சேலை கட்டியிருந்தார். "வாங்க" என்று எங்களைப் பார்த்துப் பொதுவாகச் சொன்னார். எல்லாரும் உள்ளே போனோம். தண்ணீர் செம்பை நீட்டிக்கொண்டே கேட்டார்.

"சாப்பிட்டாச்சா?"

"ஆச்சுக்கா. சாப்பிட்டுட்டுத்தான் வாறோம்."

சொன்ன பிறகுதான் இவருக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். ஆனால் வார்த்தை போய்விட்டது. மைனியின் முகத்தில் இருந்த கொஞ்சநஞ்ச வெளிச்சமும் அணைந்தது. "சரி" என்றார். அவருக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். உன் வீட்டில் நானும் கை நனைக்கமாட்டேன் என்று தம்பி பழி தீர்த்த மாதிரி.

மைனியின் வீட்டுக்காரர் நல்ல மனிதர், ஆனால் ரகசியம் தங்காது. "சாப்பிட்டுட்டியளா? விடிஞ்சதுல இருந்து இவ தேங்கா துருவுதா..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க சும்மா இருங்க" என்று சொல்லிவிட்டு மைனி அடுக்களைக்குப் போய்விட்டார்.

அப்போதுதான் எனக்கு வாசனை தட்டியது. தேங்காய்ப்பாலும் இஞ்சியும். சொதி. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு மறுநாள் விருந்தில் வைக்கிற குழம்பு. மற்ற நாளிலும் வைப்பதுண்டுதான். ஆனால் தேங்காயைத் துருவி மூன்று தடவை பால் எடுத்து இடுப்பு ஒடிய வேண்டும் என்பதால், மனசுக்கு வேண்டாத ஆளுக்கு யாரும் அதை வைக்கமாட்டார்கள்.

நான் எழுந்து அடுக்களைக்குப் போனேன். மேடை மேல் நாலு இலை கழுவிக் கவிழ்த்திருந்தது. உருளைக்கிழங்கு பொரியல், இஞ்சிப் பச்சடி, எல்லாம் மூடி வைத்திருந்தது. மைனி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுத்தமாக இருந்த அடுப்பையே திரும்பவும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மைனி" என்றேன். "அன்னைக்குப் பத்திரிகைய அங்கனயே வச்சுக் குடுப்போம்னு சொன்னது நாந்தான். அவுக இங்க வரணும்னுதான் சொன்னாக. தப்பு என்னோடதுதான்."

"தெரியும்."

"தெரியுமா?"

"அவனுக்கு அம்புட்டு வேகம் ஏது? அவன் சேரன்மாதேவிக்கு வரணும்னா மொத நாளே கெளம்புத ஆளு."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு. "பின்ன ஏன் மைனி மூணு வருசமா அவுககிட்ட மொகம் குடுத்துப் பேசல?"

துணியை உதறிப் போட்டுவிட்டு மைனி திரும்பினார். "உங்கிட்ட கோவிச்சுக்கிட்டா அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உன் வீட்டுக்கு வாறது? அவங்கிட்டன்னா கோவிச்சுக்கிடலாம். அவன் எங்க போயிருவான்?"

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "அவுக பயந்துபோய்த்தான் அங்கன சாப்பிட்டாக மைனி. நீங்க சாப்பிடச் சொல்ல மாட்டியளோன்னு."

"கிறுக்கன்" என்றார் மைனி. கண் கலங்கியிருந்தது.

கிறுக்கன் அடுக்களை வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தார். வாசனை அவரையும் இழுத்திருந்தது. "அக்கா, சொதியா?"

"ஆமா. நீதான் சாப்பிட்டுட்டியே."

"அது சாப்பாடுக்கா. இது சொதி."

இலை போட்டாயிற்று. மைனி பரிமாறப் பரிமாற இவர் சாப்பிட்டார். ஏற்கெனவே முட்டியிருந்த வயிற்றில் அது எங்கே போனது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. இன்னும் கொஞ்சம் என்று அவரே கேட்டு வாங்கினார். நெற்றியில் வேர்வை ஓடியது. நானும் சாப்பிட்டேன், மூச்சு வாங்கிக்கொண்டு. எங்கள் இலையை எடுத்ததும் கரண்டியை மைனி கையிலிருந்து பிடுங்கினேன். "அன்னைக்கு எங்க பந்தியில நீங்க உக்காரல. இப்ப உக்காருங்க" என்றேன். கொஞ்சம் தயங்கினார். பிறகு உட்கார்ந்தார். அவர் வீட்டுச் சோற்றை, அவர் வைத்த சொதியை, நான் பரிமாறினேன். இவர் பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அக்கா சாப்பிடுவதை இலை எடுக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பி வீட்டுக் கருப்பட்டியைக் கொடுத்தேன். மைனி ஒரு தூக்குச்சட்டி நிறையச் சொதியை என் மடியில் வைத்தார். "வெயில் காலம், ராத்திரி வரைக்கும் வைக்காதிய, திரிஞ்சிரும்" என்று கார் நகர்கிறவரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

திருநெல்வேலியில் அறை எடுத்தோம். சாயங்காலம் இவர் ஒரு சோடாவைக் கையில் வைத்துக்கொண்டு, சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் சாய்ந்திருந்தார். வயிற்றைத் தடவித் தடவி முனகிக்கொண்டிருந்தார். தூக்குச்சட்டி மேசை மேல் மூடியபடி இருந்தது. போன் அடித்தது. மூன்று வருடத்தில் மைனி தானாகக் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

"போய்ச் சேந்தியால?"

"சேந்தாச்சுக்கா."

"சாப்பிட்டாச்சா?"

நான் அவரைப் பார்த்தேன். முப்பது வருடத்துப் பழக்கம், "ஆச்சு" வந்துவிடும் என்றுதான் நினைத்தேன். அவர் சோடா பாட்டிலைக் கீழே வைத்தார். எழுந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இல்லக்கா" என்றார். "பசிக்குது."

மைனி, "பசிக்குதுன்னா பேசிக்கிட்டு நிக்காதல, போயிச் சாப்பிடு" என்று அதட்டினார். நான் தட்டு எடுக்க எழுந்தேன்.