தூக்கிய வாளிக்குக் கீழே

1972 மே 9, செவ்வாய். வழக்கம்போல் டிராக்டருக்கு எண்ணெய் பார்த்துவிட்டு, பேத்தமங்களா ஏரி மண்ணை முன்வாளியால் அள்ளி லாரியில் கொட்டிக்கொண்டிருந்தேன். வாளியைத் தூக்கும் எண்ணெய் ஓடுகிற ரப்பர் குழாயான ஆயில் ஹோஸ் திடீரென வெடித்தது. நாளைக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பதாகச் சொன்னார் லாரிக்காரர்.

கோலார் தங்கச் சுரங்கத்தில் பாறை துளைக்கும் டிரில் ஓட்டிவிட்டு, ஓய்வு நாளில் எனக்கு உதவ வரும் மைத்துனன் தாஸுடன் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு உதிரிபாகக் கடைக்குப் போனேன். கடைக்கார அம்மாளிடம் ஆயில் ஹோஸ் இல்லை, பெங்களூரில்தான் கிடைக்குமாம். சுவரில் சுரங்கத்து டிரில்லுக்குக் காற்று கொண்டுபோகும் ஹோஸ் தடிமனாகத் தொங்கியது.

"பாறையையே தொளைக்குது மாமா, உங்க மண்ணைத் தூக்காதா?" என்றான் தாஸ்.

நீளத்தை இரண்டு முறை அளந்து வெட்டச் சொன்னேன்.

"அது காத்துக்குப்பா. ஆயில் அழுத்தம் ரொம்ப ஜாஸ்தி," என்றார் அம்மாள். "கேட்டா வெட்டித் தரேன். தூக்கின வாளிக்குக் கீழ யாரு நிக்கறது?"

"நான்தான்," என்று சிரித்தான் தாஸ். "சிந்தற மண்ணை வாரணுமே! இன்னா மாமா முழிக்கறீங்க?"

நீளத்தை இரண்டு முறை அளந்த நான், கீழே நிற்பது யாரென்று நினைக்கவே இல்லை.

"வேணாம்மா," என்றேன்.

"லாரி போயிடுமே மாமா!"

"போகட்டும்."

லாரி போய்விட்டது. அந்த ஹோஸ் தாங்கியிருக்குமா என்று எனக்கு இன்றும் தெரியாது. தாஸைக் கீழே நிறுத்தித்தான் அதைத் தெரிந்துகொள்ள இருந்தேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக, வெடித்த ஹோஸை மாதிரிக்கு எடுத்துக்கொண்டு பெங்களூர் பஸ் ஏறினேன்.