நாவல் பூத் தேன்

மேல்வீட்டுக்காரர் நாவல் பூத் தேன் என்று ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்ததிலிருந்து என் கணவர் சுகர் மாத்திரையை நிறுத்திவிட்டார். பல் துலக்கியதும் ஒரு ஸ்பூன். நக்கி முடித்த ஸ்பூனை அப்படியே மறுபடி பாட்டிலுக்குள் விடுவார். மூடியின் திருகில் எறும்புகள் செத்து ஒட்டியிருக்கும். 

மேல்வீட்டுக்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பெருங்களத்தூரில் எங்கள் அபார்ட்மென்ட் மொட்டைமாடியில் தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறார்.

“வண்டலூர் காட்டுல அவ்வளவு நாவல் மரம் மேடம். என் தேனீங்க வேற பூவைத் தொடாது. சார் மாதிரி சுகர் இருக்கறவங்களுக்கு இது மருந்து.”

“முருங்கைப் பக்கம் போயிடாதீங்கன்னு சொல்லி அனுப்புவீங்களா?”

அவர் சிரித்தார். கணவர் சிரிக்கவில்லை. “உனக்கு எதுலயும் நம்பிக்கை கிடையாது” என்றார்.

நாவல் பூப்பது கோடையில். இது ஐப்பசி. ஆனாலும் பாட்டில் தீரத் தீர அடுத்தது வந்தது. கணவரின் இடது பாதத்தில் செருப்பு கடித்த புண் ஆறாமல் நீர் கோத்திருந்தது. விரலில் குத்தி சுகர் பார்க்கும் மெஷினை நீட்டினால், மருந்து பிடிக்க நாளாகும் என்று கையை இழுத்துக்கொள்வார்.

மழை விட்டிருந்த ஒரு காலையில் துணி உலர்த்த மாடிக்குப் போனேன். பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பேசின் நிறையச் சர்க்கரைப் பாகு. விளிம்பில் தேனீக்கள் மொய்த்தன. பாகில் செத்தவை மிதந்தன. நடுவே ஒரு கரப்பான், மல்லாந்து. காகம் ஒன்று மீன் குடலைக் கொண்டுவந்து அதில் முக்கி முக்கித் தின்றது. மேல்வீட்டுக்காரர் அதை விரட்டிவிட்டு, டீ வடிகட்டியால் செத்தவற்றை அள்ளித் தொட்டிச்செடியில் தட்டினார்.

கீழே ஓடி, கணவரைக் கூட்டிவந்து காட்டினேன்.

“மழைக்காலம் இல்லையா சார், பூ கிடைக்காது. பாவம், பசியில இருக்கும்.”

“அப்போ இப்ப குடுத்த தேன்?” என்றேன்.

“அதையும் தேனீதானே மேடம் பண்ணுது?”

கணவர் இறங்கிப்போய் மாத்திரையைப் போட்டுக்கொண்டார். அப்பாடா என்றிருந்தது எனக்கு. பிறகு பார்த்தால், மிச்சமிருந்த பாட்டிலை ஈரத்துணியால் பளபளவென்று துடைத்துக்கொண்டிருக்கிறார்.

“தூக்கிப் போட மனசு வரல. கூடுவாஞ்சேரி போறப்போ உங்க அண்ணன்கிட்ட குடுத்துடு. அவருக்கும் சுகர்தானே.”

மாடியில் வராத வாந்தி அப்போதுதான் தொண்டை வரை வந்தது. பாட்டிலைப் பிடுங்கிக் கழிவறையில் கவிழ்த்தேன். தேன் போல இழையாக விழாமல் தண்ணீராகக் கொட்டியது. பினாயில் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தபோது கணவர் கதவருகே வந்து நின்றார்.

“பாட்டிலையாவது கழுவி வை. மேல்வீட்டுக்குத் திருப்பிக் குடுக்கணும்.”