குங்குமப் பொட்டு வைத்த பிளாப்பி

எண்பதுகளின் கடைசியில் சங்கரன்கோவிலில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தேன். உடன் வேலை பார்த்த நண்பன் தயாரித்த பிளாப்பித் தகட்டைப் போட்டால்தான் கம்ப்யூட்டர் கிளம்பும். கிளம்பியதும் திரையில், ஆங்கில எழுத்தில், "சாப்டியாலே?" என்று கேட்கும். எனக்காக அவன் எழுதிய வரி அது. அடையாளத்துக்கு அந்தப் பிளாப்பியில் குங்குமப் பொட்டு வைத்திருந்தான். மஞ்சள்காமாலை அவனைக் கொண்டுபோய்விட்டது.

அந்த ஆயுத பூஜைக்கு, மடையன் நான், எல்லாப் பிளாப்பிக்கும் பொட்டு வைத்தேன். மறுவாரம் அதேபோல இன்னொரு கம்ப்யூட்டர் வந்தது. அதற்காக அவன் பிளாப்பியை நகல் எடுக்கையில், எது அசல், எது வெற்று என்று தெரியாமல் மாற்றிப் போட்டேன். வெற்றுப் பிளாப்பி அவனுடையதன்மேல் பதிந்து, எல்லாம் அழிந்தது.

"வேற வாங்கிக்கிடலாம் வே" என்றார் முதலாளி. வாங்கினார். இரண்டு கம்ப்யூட்டரும் நன்றாக ஓடின. சாப்பிட்டேனா என்று இரண்டுமே கேட்கவில்லை.