மண்பானைத் தண்ணீரில் கழுவிய கல்யாணம்

எனக்குக் கோவையாக எழுத வராது. படித்தது நாலாவது வரைதான். நினைவும் அங்கங்கே விட்டுப்போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரெஞ்சுக்காரர் ஆட்சியில், பெரிய சண்டைக்கு முன்னால், என் வீட்டுக்காரர் சைகோன் வேலையை விட்டுப் பாகூருக்குத் திரும்பினார். பழையதாக வாங்கிய சின்ன சினிமா கேமராவும், படம் காட்டும் கைமிஷினும் கூடவே வந்தன. மிஷினைச் சுற்றச் சுற்றத்தான் அதன் விளக்கும் எரியும். தன் தங்கை கல்யாணத்தை அந்தக் கேமராவில் பிடித்தார். மாப்பிள்ளைக்கு சைகோனில் வேலை. மகள் கப்பல் ஏறுமுன் படத்தைப் பார்த்துவிட வேண்டும், அது தன்னிடமே இருக்க வேண்டும் என்று மாமியாருக்கு ஆசை.

சீமைக்கு அனுப்பிக் கழுவ எங்களுக்குக் கட்டாது. கப்பல் கிளம்புவதற்குள் திரும்பியும் வராது.

"வூட்லயே கழுவிடலாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

"சீயக்கா போட்டாண்ணா?" என்றாள் நாத்தனார்.

"நீ போயி ஒன் வூட்டுக்காரன் தலையக் கழுவுடி."

நெல் மூட்டை அறையில் கதவிடுக்கெல்லாம் சாக்கு அடைத்தோம். லாந்தருக்குச் சிவப்புக் காகிதம் சுற்றினோம். மருந்துப் பொடி புதுச்சேரி போட்டோக் கடையில் வாங்கியது. முதலில் ஒரு சின்னத் துண்டைப் போட்டுப் பார்த்தார். வெயில் காலத்துத் தண்ணீரில் அதன் மேல்தோல் பாலாடைபோல் கழன்றுவிட்டது. பிறகு மண்பானையில் குளிர்ந்த தண்ணீரைத்தான் ஊற்றினோம். சிவப்பு வெளிச்சத்தில் படத்தில் நாத்தனார் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்ததை நினைத்தால் இன்றும் அந்த மருந்து வாசனை மூக்கில் ஏறுகிறது. கயிற்றுக் கட்டிலைக் கவிழ்த்து, நாலு காலையும் சுற்றிப் படத்தைக் காயவைத்தோம்.

நலங்கு ஒரு துண்டு, தாலி கட்டியது ஒரு துண்டு. இரண்டையும் பசை வைத்து ஒட்டினார். ஆகாத இடங்களை நறுக்கக் கத்திரியை எடுத்தபோது மாமியார் பிடுங்கிக்கொண்டார்.

"கல்யாணத்துல கத்திரி வைப்பியாடா? இன்னா புள்ள நீ?"

மங்கின இடமும் ஆடின இடமும் அப்படியே இருந்தன. அந்த முறையில் கழுவினால் படம் ஒன்றுதான். இன்னொன்று எடுக்க வழியில்லை. நாத்தனாரும் அந்தப் படம் தனக்கு வேண்டும் என்றாள்.

"ஆளுக்குப் பாதியாப் பிரிச்சிடறேன்மா."

"பிரிக்கறதும் வெட்டறதும் ஒண்ணுதான். முழுசா அவளே எடுத்துனு போவட்டும்."

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கப்பலுக்கு முந்தின நாள் விளக்கு வைத்ததும் சுவரில் வேட்டி கட்டிப் படம் போட்டார். நலங்கில் நாத்தனார் மஞ்சள் பூசின முகத்தோடு சிரித்தாள். அடுத்தது தாலி. அதற்குள் மிஷினில் 'சடக்' என்றது. வேட்டி வெறும் வெள்ளையானது.

"ஒட்டு அறு..." என்று ஆரம்பித்தவரின் வாயை மாமியார் பொத்தினார். தாலிச்சரடு இற்றுப்போனால்கூட எங்கள் பக்கம் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டோம்.

"பெருகிடுச்சுன்னு சொல்லுடா."

"பெருகிடுச்சும்மா. ரெண்டாப் பெருகிடுச்சு."

மாமியார் "கத்திரி படல இல்ல?" என்று கேட்டார்.

"படலம்மா."

"தாலி அவளோட போவட்டும். நலங்க எங்கிட்டக் குடு."

அதைப் பழந்துணியில் சுற்றித் தன் டிரங்குப் பெட்டியில் புடவைகளுக்கு நடுவில் வைத்தார். மிஷின் கெட்ட பிறகும், விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து ஒவ்வொரு கட்டமாகப் பார்ப்பார்.

கழுவும்போது எந்த மருந்து முதலில், எது பிறகு என்பது மறந்துவிட்டது. சிவப்பு வெளிச்சம் முழு நேரமும் இருந்ததா என்பதும் சந்தேகம்தான். விஷயம் தெரிந்தவர் யாராவது பார்த்துத் திருத்திக் கொடுங்கள்.